பி.பி. மெஷின் காட்டும் எண்ணை நம்பலாமா?

அழுத்தத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அது வேறொரு பொருளை நகர்த்தினால்தான் அளக்க முடியும். எதை நகர்த்த விடுவது என்பதில்தான் அழுத்தமானிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. இரத்த அழுத்தக் கருவி இதற்கு நல்ல உதாரணம்.

1896-ல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, கையில் கட்டும் காற்றுப்பட்டையைப் பாதரசக் குழாயோடு இணைத்தார். ஏன் பாதரசம்? அது தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனமானது. 120 மி.மீ. பாதரசம் காட்டும் அழுத்தத்தைத் தண்ணீரில் காட்ட 1.6 மீட்டருக்கும் உயரமான குழாய் வேண்டும்! 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காவ், ஸ்டெதாஸ்கோப்பில் துடிப்பின் ஓசை கேட்கத் தொடங்கும் இடம் மேல் அளவு, மறையும் இடம் கீழ் அளவு என்று காட்டினார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்கள் நம்பிய முறை இதுவே.

ஆனால் பாதரசம் நஞ்சு. 2013-ல் ஏற்கப்பட்ட மினமாட்டா ஒப்பந்தம், பாதரச பி.பி. கருவிகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020-ஐக் கெடுவாக வைத்தது. சில நாடுகள் கூடுதல் அவகாசம் பெற்றன. முள் சுழலும் அனராய்டு கருவியில் பாதரசம் இல்லை. ஆனால் கீழே விழுந்தால் அளவு பிசகிவிடும், அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

இன்று வீடுகளில் இருப்பது பேட்டரியில் ஓடும் கருவி. இதற்குள் மெல்லிய சிலிக்கான் சவ்வு ஒன்று இருக்கும். அழுத்தத்தில் அது வளையும்போது அதன் மின்தடை மாறும். அந்த மாற்றமே அளவாகிறது. சென்சாரில் பெரிய குறை இல்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கருவி ஓசையைக் கேட்பதில்லை. பட்டையில் உள்ள காற்றில் நாடித்துடிப்பு ஏற்படுத்தும் சிறு அதிர்வுகளைப் பார்க்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். திரையில் தெரியும் மேல், கீழ் எண்கள் இரண்டும் ஒரு கணக்கின் விடைகள். அந்தக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும், பெரும்பாலும் வெளியிடப்படுவதும் இல்லை. இதயத்துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு விடை மேலும் தடுமாறலாம்.

ஒரு கம்பெனி தானே எழுதிய கணக்கைத் தணிக்கை இல்லாமல் பங்குதாரர்கள் ஏற்பார்களா? இங்கேயும் அதே நியாயம்தான். கணக்கு ரகசியமாக இருக்கட்டும், விடையை வெளியார் சோதிக்க வேண்டும். அதற்கு அளவுகோல் உண்டு. 2018-ல் வந்த சர்வதேசத் தரம், குறைந்தது 85 பேரிடம் கருவியைச் சோதிக்கச் சொல்கிறது. சராசரிப் பிழை 5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, திட்ட விலக்கம் 8 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. இந்தச் சோதனையில் தேறியதா என்பதை விலையைப் போலவே பெட்டியின் மேல் அச்சிடக் கட்டாயப்படுத்த வேண்டும். கடிகாரங்களுக்கு இது இன்னும் அவசியம். பட்டையே இல்லாமல் ஒளியை வைத்து இரத்த அழுத்தம் சொல்லும் கருவிகளை நோயறியவோ சிகிச்சைக்கோ பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் 2023-ல் கூறியது.

பயன்படுத்துவோருக்கும் பொறுப்பு உண்டு. கை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினால் எண் ஏறத்தாழ 8 மி.மீ. கூடிவிடும். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தாலும் எண் ஏறும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரு முறை அளப்பதே சரி.

8 மி.மீ. அற்பம் அல்ல. 135 உள்ளவரை 143 ஆக்கி, தேவையில்லாத மாத்திரைக்கு அனுப்ப அது போதும். எதிர்த்திசையில் பிசகினால், மாத்திரை தேவைப்படுபவர் 'நார்மல்' என்று நிம்மதியாக இருந்துவிடுவார். பக்கவாதம் அந்த நிம்மதியைக் கேட்டுக்கொண்டு வராது. கடையில் இருநூறு ரூபாய் குறைவா என்று பார்ப்பதற்கு முன், சோதனையில் தேறியதா என்று கேட்பதே புத்திசாலித்தனம்.