கடல் தரவும் திறந்த கதவும்

2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடற்பகுதியில் ஒரு கருவி நீரில் இறக்கப்பட்டது. அதில் மாலுமி எவரும் இல்லை. 221 நாள்களுக்குப் பிறகு, டிசம்பர் மாதம், ஸ்பெயின் கடற்கரைக்கு அருகே அது மீட்கப்பட்டது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்கார்லெட் நைட்’ என்ற அக்கருவியே, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முதல் கிளைடர் ஆகும்.

கிளைடர் தன் கன அளவைச் சிறிதளவு குறைத்து மூழ்குகிறது, கூட்டி மேலெழுகிறது. அதன் இறக்கைகள் அந்த ஏற்ற இறக்கத்தை முன்னோக்கிய நகர்வாக மாற்றுகின்றன. சில வகைக் கிளைடர்கள் 1000 மீட்டர் ஆழம்வரை செல்லும். வழிநெடுகிலும் நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை முதலியவற்றை அளந்து, மேலே வந்ததும் செயற்கைக்கோள் வழியாகத் தரவுகளை அனுப்பும்.

ஆயினும், கருவி அனுப்பும் எண்கள் அனைத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. கடலில் மிதக்கும் நுண்பாசிகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவற்றின் பச்சையம் உமிழும் ஒளிர்வை அளந்துதான் உணரி அவற்றின் அளவை மதிப்பிடுகிறது. நண்பகலில் வெயில் கடுமையாக இருக்கும்போது, மேற்பரப்புக்கு அருகிலுள்ள நுண்பாசிகளின் ஒளிர்வு குறைந்துவிடுகிறது. பாசிகள் அங்கேயே இருந்தாலும், அவை குறைந்துவிட்டதாகவே எண்கள் காட்டும். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்னும் முதுமொழி இங்கும் பொருந்துகிறது.

இப்பிழையைத் திருத்த, பகல் அளவீடுகளை இரவு அளவீடுகளோடு ஒப்பிடும் முறை உண்டு. அதற்குப் பயன்படும் மென்பொருள்களுள் ஒன்று ‘கிளைடர்டூல்ஸ்’. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இது, ஒரு திறந்தமூல மென்பொருள். இதன் நிரலை யாரும் படிக்கலாம், சோதிக்கலாம், மேம்படுத்தலாம்.

இந்தத் திறந்த தன்மை அறிவியலுக்கு இன்றியமையாதது. எந்த எண்ணை நீக்குவது, எதைத் திருத்துவது என்பவை மனிதர் எடுக்கும் முடிவுகள். திருத்தும் முறை மாறினால், கடலைப் பற்றிய முடிவும் மாறக்கூடும். அம்முறை மூடிய பெட்டிக்குள் இருந்தால், பிற ஆய்வாளர்கள் அதைச் சரிபார்ப்பது எங்ஙனம்? ஆகவே, ஆய்வு முடிவை வெளியிடுவோர் அதற்குப் பயன்படுத்திய நிரலையும் ஒளிவு மறைவின்றி வெளியிட வேண்டும்.

பலர் கை வைத்தால் நிரலில் பிழைகள் பெருகும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை முற்றாகப் புறந்தள்ள இயலாது. எனினும், முறையாகப் பராமரிக்கப்படும் திறந்தமூல மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் பதிவு செய்யப்படுகிறது. தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். மூடிய நிரலிலும் பிழை இருக்கலாம். ஆனால், அது வெளியாரின் கண்ணில் படாது. உண்மையான சிக்கல் வேறு. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைப் பேணிக் காப்பதற்கும் உழைப்பும் நேரமும் தேவை. ஆய்வுக்கு நிதி வழங்கும் அமைப்புகள் அவ்வுழைப்புக்கும் உரிய ஆதரவு தர வேண்டும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். பைத்தான் மொழியைப் பள்ளியிலேயே கற்கும் மாணவர்கள் இன்று பலர். நாளை அவர்களும் அந்தத் தேரின் வடத்தைப் பிடிக்கலாம். அதற்கு அறிவியலின் கதவு திறந்திருக்க வேண்டும்.