பாஸ் கையில், வாசல் பூட்டு

கொஞ்சம் நீளமான பதிவுதான். லீவு நாள் என்பதால் பொறுமையாக வாசிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறோம்.

தவணை விடுமுறை நெருங்கினால் நமது போன்களில் விளம்பரங்கள் வரிசையாக வந்து விழும். நீச்சல் தடாகம், பிள்ளைகளின் விளையாட்டு நிலையம், ஜிம், எல்லாவற்றிலும் ஒரே கதைதான். "ஒரு தடவை கட்டுங்கள், வருடம் முழுக்க வாருங்கள்." பெற்றோர் கூட்டம் முடிந்து போகும்போது சிலர் எங்களிடமும் கேட்கிறார்கள், "சேர், இந்த வருட பாஸ் எடுத்தால் லாபமா?" கணக்குப் போட்டுப் பார்த்தால் எப்போதும் லாபம்தான். பத்துத் தடவை போனால் கட்டிய காசு வந்துவிடும், பதினோராவது தடவையில் இருந்து சும்மா. ஆனால் அந்தப் பத்துத் தடவை உள்ளே விடுவார்களா என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோர் டிஸ்னிலாண்டுக்குப் போகப்போவதில்லை. இருந்தாலும் அங்கே பாஸ் வாங்கியவர்களுக்கு நடந்ததைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெரிய கடையில் வரும் பழக்கம் கொஞ்சக் காலத்தில் சின்னக் கடைக்கும் வரும்.

கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் 1955 ஜூலை 17 இல் திறக்கப்பட்டது டிஸ்னிலாண்ட். திறந்த அன்றே கள்ள டிக்கட்டோடு ஆட்கள் நுழைந்து, எதிர்பார்த்ததை விடப் பெரிய கூட்டம் சேர்ந்து, அந்த நாள் பெரும் குழப்பமாகப் போனது. ஆக, கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்ற பிரச்சினை அந்த இடத்தோடு சேர்ந்தே பிறந்தது. பிற்காலத்தில் வருட பாஸ் வந்தது. பக்கத்து ஊர்களில் இருக்கும் குடும்பங்கள் அதை விரும்பி வாங்கின. பாடசாலை விட்டபின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு ராட்டினம் ஏறி, இரவு வாணவேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நம்மவர்கள் அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் போய் வருகிற மாதிரி.

2020 மார்ச்சில் கொரோனாவால் மூடினார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் பூட்டியே கிடந்தது. 2021 ஜனவரியில் பழைய வருட பாஸ் முறையையே நிறுத்திவிட்டு, மீதிக் காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏப்ரல் 30 இல் மீண்டும் திறந்தபோது, முன்கூட்டியே ஒன்லைனில் நாள் பதிந்தவர்கள்தான் வரலாம் என்று விதி வைத்தார்கள். நோய்க் காலத்தில் அது நியாயமான விதி.

ஓகஸ்ட் மாதம் 'மேஜிக் கீ' என்ற பெயரில் புதிய பாஸ் வந்தது. நான்கு தரம். 399 டொலர், 649, 949, எல்லாவற்றிலும் உயர்ந்தது 'ட்ரீம் கீ' 1,399 டொலர். இன்றைய நாணய மாற்றில் நான்கு லட்சம் ரூபாயைத் தாண்டும். விலை குறைந்த பாஸ்களுக்கு வரக்கூடாத நாட்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. ட்ரீம் கீக்கு அப்படி எந்த நாளும் தடை இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் ஆட்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். ஆனால் எந்தத் தரமாக இருந்தாலும் போகும் நாளை முதலில் புக் பண்ண வேண்டும் என்ற விதி அப்படியே நின்றது. நோய்க்காக வந்த விதி, நோய் குறைந்த பிறகும் வீட்டுக்குப் போகாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டது.

பிறகு நடந்தது இதுதான். 1,399 டொலர் கொடுத்தவர் நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு போகலாம் என்று போனைத் திறக்கிறார். பாஸ்காரருக்கு அன்றைக்கு இடமில்லை என்று காட்டுகிறது. அதே நாளுக்குப் புதிதாக ஒருநாள் டிக்கட் வாங்கப் போனால், அது விற்பனையில் இருக்கிறது! 2021 நவம்பரில் ஒரு பாஸ்காரர் வழக்குப் போட்டார். அவருடைய முறைப்பாடு இந்த இடத்தில்தான் நின்றது. பூங்கா நிறைந்துவிட்டது என்றால் ஏற்றுக்கொள்ளலாம். பூங்கா நிறையவில்லை, உங்களுக்கு ஒதுக்கிய பங்குதான் முடிந்துவிட்டது என்றால், 'தடை நாள் இல்லை' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

நிபந்தனைகளை முன்பே தெளிவாகச் சொல்லியிருக்கிறோம், இடம் இருந்தால்தான் புக்கிங் என்று எழுதியிருக்கிறோம் என்பது கம்பனியின் நிலைப்பாடு. எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் இடம் எத்தனை, அதை எப்படிப் பங்கு போடுவார்கள் என்பதை அறிந்தவர் விற்றவர் மட்டும். வாங்கியவருக்கு அது தெரிய வழியே இல்லை. நமது மார்க்கம் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் உடனே விளங்கும். கைக்கு வருமா வராதா என்று தெரியாத பொருளை விற்பதை ஃபிக்ஹில் 'கரர்' என்பார்கள். கடலில் இருக்கும் மீனையும் ஆகாயத்தில் பறக்கும் பறவையையும் விலை பேசக்கூடாது என்று மத்ரஸாவில் ஓதிய பிள்ளையும் சொல்லும். நான்கு லட்சம் ரூபாய்க்கு விற்ற அந்தப் பாஸில் எத்தனை மீன் கடலிலேயே இருந்தது என்று யோசியுங்கள்.

ஒருநாள் டிக்கட்காரருக்கு ஏன் இடம் இருந்தது? கணக்கு மிக எளிது. 2021 ஒக்டோபரில் ஒருநாள் டிக்கட் 104 டொலரில் இருந்து 164 டொலர் வரை விற்றது. வெளியூரில் இருந்து வருபவர் அந்த விலையைக் கொடுத்து, ஹோட்டலில் அறை எடுத்து, உள்ளே மூன்று வேளை சாப்பிட்டு, பிள்ளைக்குத் தொப்பியும் பொம்மையும் வாங்கிக்கொண்டு போவார். பாஸ்காரர் உள்ளூர்க்காரர். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார். அவரிடம் இருந்து வரவேண்டிய காசு ஏற்கனவே வந்துவிட்டது, அவர் எத்தனை தடவை குறைவாக வருகிறாரோ அத்தனைக்கு லாபம். 2022 ஓகஸ்டில் கம்பனி வெளியிட்ட காலாண்டு வருமான அறிக்கையில், டிஸ்னிலாண்டுக்கு வருவோரின் கலவை தமக்குச் 'சாதகமற்றதாக' இருந்தது என்று ஒரு வரி வந்தது. அந்தச் சொல் தங்களைத்தான் குறிக்கிறது என்று பாஸ்காரர்கள் புரிந்துகொண்டு கொதித்தார்கள். காசை முன்கூட்டியே கொடுத்தவர் சாதகமற்ற வாடிக்கையாளர்!

எங்களுக்கு இந்தச் சொல்லைப் படித்தபோது நமது பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். சீசன் டிக்கட் வைத்திருக்கும் பிள்ளைகள் காலையில் ஹோல்டில் கூட்டமாக நிற்பதைக் கண்டதும், வேகத்தைக் குறைக்காமல் போகும் பஸ்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலாம் பாடத்துக்குப் பிந்தி வந்து வகுப்பு வாசலில் நிற்கும் பிள்ளையிடம் "ஏன் லேட்?" என்று கேட்டால், "பஸ் நிப்பாட்டல்ல டீச்சர்" என்ற பதில் வரும். அந்தப் பிள்ளையின் வாப்பா மாதத் தொடக்கத்திலேயே காசு கட்டியிருப்பார். கையில் சில்லறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கை காட்டினால் அதே பஸ் நிற்கும். டிஸ்னிலாண்டுக்குப் போகாமலே நமது பிள்ளைகள் 'சாதகமற்ற கலவை' ஆகிவிட்டார்கள்.

மேஜிக் கீயில் இன்னொரு விதி எங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. புக் பண்ணிவிட்டுப் போகாமல் விட்டால் அது குற்றம். முதல்நாள் நள்ளிரவுக்கு முன் ரத்துச் செய்திருக்க வேண்டும். 90 நாளுக்குள் மூன்று தடவை அப்படித் தவறினால், அடுத்த 30 நாட்களுக்குப் புதிதாக புக் பண்ண முடியாது. வேறு ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வராமல் இருப்பது தவறுதான், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் விடியற்காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்? முதல்நாள் இரவு அதை யார் அறிவார்? சரி, தவறியவருக்குத் தண்டனை இருக்கட்டும். தொடர்ந்து மூன்று தடவை 'இடமில்லை' என்று சொன்ன கம்பனிக்கு என்ன தண்டனை? விதியில் ஒன்றுமே இல்லை. ஒரே ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பிரம்பு.

அதோடு, ஒரே நேரத்தில் எத்தனை நாள் புக் பண்ணி வைக்கலாம் என்பதற்கும் வரம்பு. தொடக்கத்தில் உயர்ந்த இரண்டு தரத்துக்கும் ஆறு நாள், அடுத்ததற்கு நான்கு, 399 டொலர் பாஸுக்கு இரண்டே இரண்டு. 90 நாள் முன்னால் வரைக்கும் பதியலாம். இதனால் என்ன ஆகும் என்றால், போகப்போகிறோமா என்று தெரியாவிட்டாலும் எல்லோரும் சனிக்கிழமைகளைப் பிடித்து வைப்பார்கள். பிறகு ரத்துச் செய்வார்கள். இடம் இருந்தும் இல்லாத மாதிரியே காட்டும்.

வழக்கு கடைசியில் சமரசத்தில் முடிந்தது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே கம்பனி 95 லட்சம் டொலர் கொடுக்க 2023 இல் சம்மதித்தது. பெரிய தொகை போலத் தெரியும். ட்ரீம் கீ வாங்கியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சட்டத்தரணிகளின் செலவு போக ஆளுக்குச் சுமார் 67 டொலர். அதற்கு முன்பே, 2022 ஓகஸ்டில், ட்ரீம் கீயை நிறுத்திவிட்டு 'இன்ஸ்பயர் கீ' என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். விலை 1,599 டொலர். நத்தார் முதல் புதுவருடம் வரையான நாட்களில் வர முடியாது என்று அதில் வெளிப்படையாகவே போட்டுவிட்டார்கள். வாக்குறுதியைக் காப்பாற்றுவதை விட வாக்குறுதியை எடுத்துவிடுவது அவர்களுக்கு லேசாக இருந்தது. 200 டொலர் கூட்டியும் விட்டார்கள். ஆனாலும் நேர்மை என்று பார்த்தால், பழையதை விட இந்தப் பாஸ் நேர்மையானது என்றுதான் சொல்வோம். வராத நாளை முகத்துக்கு நேரே சொல்கிறது.

புளோரிடாவில் இருக்கும் அவர்களுடைய மற்றப் பூங்காக்களில் கொஞ்சம் இளகினார்கள். 2023 ஏப்ரல் 18 இல் இருந்து பாஸ்காரர்கள் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு புக்கிங் இல்லாமல் வரலாம் என்றார்கள். அதிலும் மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு மட்டும் சனி, ஞாயிறு விதிவிலக்கு. 2024 ஜனவரி 9 இல் இருந்து திகதி குறித்த டிக்கட் வாங்குவோருக்கு புக்கிங் தேவையே இல்லை என்று ஆக்கினார்கள். பாஸ்காரருக்கு மட்டும் காலைவேளைக் கட்டுப்பாடு, சில நாட்களைத் தவிர, தொடர்ந்தது. ஆகவே நோயும் போய், கூட்டக் கட்டுப்பாடும் தளர்ந்த பிறகு, விதி யாருக்காக மிஞ்சியது என்று பாருங்கள்.

புக்கிங் என்ற ஒழுங்கே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. உம்றாவுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், மதீனாவில் ரவ்ழா ஷரீபுக்குள் போக நுசுக் செயலியில் நேரம் எடுக்க வேண்டும். அந்தப் புனித இடத்தை ஒரு பூங்காவோடு ஒப்பிடவில்லை, ஒழுங்கை மட்டும் சொல்கிறோம். அங்கே யாரும் நம்மிடம் முன்கூட்டியே வருட பாஸ் விற்கவில்லை. இடம் சிறியது, வருவோர் கோடிக்கணக்கு, அதனால் முறை வைக்கிறார்கள். நேரம் கிடைக்காதவர் கவலைப்படுவார், ஏமாந்ததாக நினைக்கமாட்டார்.

2022 இல் பெற்றோலுக்கு கியூஆர் கோட் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். போனில் கோட்டா பச்சையாகக் காட்டும், ஷெட்டில் பெற்றோல் வந்திருக்காது. கஷ்டப்பட்டோம், ஏசினோம். ஆனால் நாலு லீற்றர் என்றால் எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் நாலு லீற்றர்தான் என்று நாட்டுக்கே தெரிந்த கணக்கு அது. கோட்டாவுக்காக யாரிடமும் முன்பணம் வாங்கவும் இல்லை. பெற்றோலை அடித்த பிறகுதான் காசு கொடுத்தோம்.

ஆகவே வருட பாஸ் பற்றி எங்களிடம் கேட்கும் பெற்றோருக்கு நாங்கள் இப்போது சொல்வது: விலையைப் பிறகு கேளுங்கள். பாஸ்காரருக்கு ஒரு நாளைக்கு எத்தனை இடம் என்று முதலில் கேளுங்கள். மொத்தம் எத்தனை பாஸ் விற்கிறீர்கள் என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். லீவு நாளிலும் பெருநாள் வாரத்திலும் பாஸ் செல்லுமா, இடமில்லை என்று திருப்பி அனுப்பினால் அந்த நாளைப் பாஸின் கடைசியில் கூட்டித் தருவீர்களா, பிள்ளைக்குச் சுகமில்லாவிட்டால் என்ன செய்வீர்கள், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். "இல்ல, நாங்க பார்த்துக்கிறம்" என்ற வாய்ப்பேச்சு ஆறு மாதத்தில் கவுன்டரில் இருக்கும் ஆள் மாறும்போது அவரோடு போய்விடும்.

பிள்ளைகளுக்காக இப்படியான நிலையம் நடத்தும் சகோதரர்களும் இந்தப் பதிவை வாசிப்பீர்கள். இடத்துக்கு வரம்பு இருந்தால் பாஸுக்கும் வரம்பு வையுங்கள். நூறு பேர் கொள்ளும் இடத்துக்கு ஆயிரம் பாஸ் விற்றால், லீவு நாளில் வாசலில் நின்று பதில் சொல்லப்போவது நீங்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பதினெட்டு வயதுப் பையன். அவன் போன வருடம் எங்கள் வகுப்பில் இருந்தவன்.

உங்களில் யாராவது வருட பாஸ் எடுத்திருந்தால், இடத்தின் பெயரைச் சொல்லாமல், அதில் என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்பதை மட்டும் கீழே எழுதுங்கள். அடுத்த தவணையில் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு நுகர்வோர் உரிமை பற்றிப் பாடம் எடுக்கும்போது டிஸ்னிலாண்டோடு சேர்த்து அதையும் கரும்பலகையில் எழுத உத்தேசம்.