முதியோர் இல்லங்களின் தராதரத்தை உறுதிப்படுத்துவது யார்?

மன்னார் மாவட்டம், முசலிப் பிரதேசத்தின் தென்கோடியில் அமைந்துள்ள முள்ளிக்குளம் கிராமத்திலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டது 2007 செப்டெம்பர் மாதத்திலாகும். கடற்படைத் தளமாக மாறிவிட்ட தமது ஊருக்குத் திரும்ப இயலாத நிலையில் அவர்களில் பலர் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில்களை அமைத்துக் காத்திருந்தனர். 2017 மார்ச் 23 ஆம் திகதி அவர்கள் ஆரம்பித்த தொடர் போராட்டம், நூறு ஏக்கர் காணியை விடுவிப்பதாகக் கடற்படை ஏப்ரல் 29 ஆம் திகதி அறிவித்ததையடுத்து 38 ஆவது நாளில் நிறைவுக்கு வந்தது. அந்த அறிவிப்புக்கும் மக்களின் கைக்கு வந்து சேர்ந்ததற்கும் இடையிலான தூரத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசப்பட்டுள்ளது. இன்று நாம் எடுத்துக்கொள்ளும் விடயம் காணியல்ல. காணிக்காகக் காத்திருந்த காலத்தில் அந்த மக்களுக்கு ஏறிய வயதாகும்.

2007 இல் ஐம்பது வயதில் முள்ளிக்குளத்தை விட்டு வெளியேறியவர் இன்று எழுபதை நெருங்குகின்றார். அதே முசலிப் பிரதேசத்தின் மறிச்சுக்கட்டி, கரடிக்குழி, பாலைக்குழி, சிலாவத்துறை ஆகிய ஊர்களிலிருந்து 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில், அன்று நாற்பது வயதில் புத்தளத்துக்குச் சென்று சேர்ந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தொட்டுவிட்டார். ஒரு பிள்ளை ஊருக்குத் திரும்பியிருக்க, இன்னொரு பிள்ளை புத்தளத்திலேயே தங்கிவிட்டது. ஒரு மகள் வளைகுடாவில், ஒரு மகன் ஐரோப்பாவிலோ கனடாவிலோ. வயோதிபத் தாயைக் குளிப்பாட்டவும், புரட்டிப் படுக்கவைக்கவும், நள்ளிரவில் சிலாவத்துறை வைத்தியசாலைக்கும் அங்கிருந்து மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும் கொண்டு செல்லவும் முன்னைய காலத்தில் ஒரு தெருவே எழுந்து வந்தது. இடப்பெயர்வு அந்தத் தெருவைத்தான் முதலில் சிதைத்தது.

எனவே முதியோர் பராமரிப்பு இல்லங்கள் என்ற ஏற்பாடு எமது பிரதேசங்களுக்கும் தேவைப்படும் என்பதை மறுப்பதற்கில்லை. 2012 ஆம் ஆண்டின் சனத்தொகைக் கணிப்பீட்டின்போதே நாட்டின் மக்களில் 12.4 வீதமானோர் அறுபது வயதைக் கடந்தவர்களாக இருந்தனர். அந்த வீதம் அதன் பின்னர் ஏறுமுகமாகவே உள்ளது. தேவை இருக்கும் இடத்தில் புலம்பெயர்ந்தோரின் பணம் வரும், பங்குகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் முன்வரும், கட்டடம் எழும், நாடா வெட்டப்படும். அந்தக் கட்டடத்தினுள் படுத்திருப்பவர் பாதுகாப்பாக இருக்கின்றாரா என்பதை அதன் பின்னர் பார்ப்பவர் யார் என்பதே எமது கேள்வி.

இலங்கையில் 'நேர்சிங் ஹோம்' என்ற சொல் பொதுவாகத் தனியார் சிறு வைத்தியசாலையையே குறித்து வந்துள்ளது. 1949 ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பொருளிலேயே அதனைக் கையாண்டது. இன்று நடைமுறையிலுள்ள 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு) சட்டம், தனியார் வைத்தியசாலைகளோடு அவற்றையும் சேர்த்துச் சுகாதார அமைச்சைச் சார்ந்த ஒழுங்குபடுத்தல் சபையின் கீழ் கொண்டுவந்தது. முதியோர் இல்லம் என்பதோ வேறொரு வழியில் வருகின்றது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம் முதியோருக்கான தேசிய சபையையும் தேசிய செயலகத்தையும் உருவாக்கி, முதியோருக்குச் சேவை வழங்கும் நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் எனப் பணித்தது. பெற்றோரைப் பராமரிக்கத் தவறும் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரும் வழியையும் அதே சட்டம் திறந்து வைத்தது. 2011 இல் அது திருத்தப்பட்டது.

சட்டங்கள் இரண்டும் தத்தம் அளவில் நல்லவையே. இடர்ப்பாடு அவற்றின் நடுவிலுள்ள இடைவெளியில் இருக்கின்றது. நடமாடக்கூடிய நிலையில் முதியோர் இல்லமொன்றுக்கு வருபவர் ஐந்து ஆண்டுகளில் படுக்கையில் விழுகின்றார். நினைவு தடுமாறுகின்றது, சிறுநீர்க் குழாய் பொருத்தப்படுகின்றது, நாளொன்றுக்கு ஏழெட்டு வகை மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. அந்த அறை இப்போது வைத்தியசாலை விடுதிக்குச் சமமானது. ஆனால் பதிவேட்டில் அது இன்னமும் முதியோர் இல்லமே. சமூக சேவை உத்தியோகத்தர் கணக்குப் புத்தகத்தையும் கட்டடத்தையும் சமையலறையையும் பார்வையிடலாம். படுக்கைப் புண்ணின் ஆழத்தை அளந்து, அது எத்தனை நாட்கள் கவனிக்கப்படாமல் விடப்பட்டதன் விளைவு என்று சொல்வதற்கான பயிற்சி அவருக்கு அளிக்கப்படவில்லை. அந்தப் பயிற்சி உள்ள சுகாதாரத் துறையினரோ இது தமது பொறுப்பு என்று பெரும்பாலும் கருதுவதில்லை.

பார்ப்பவர் இல்லாதபோது என்ன நிகழும் என்பதற்குத் தமிழ்நாட்டில் அண்மைக்கால உதாரணமொன்று உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூருக்கு அருகிலுள்ள பாலேஸ்வரத்தில், கைவிடப்பட்ட முதியோரையும் மரணத் தறுவாயில் உள்ளோரையும் ஏற்றுப் பராமரிப்பதாக 2011 முதல் இயங்கிவந்தது புனித ஜோசப் கருணை இல்லம். 2018 பெப்ரவரியில் அந்த இல்லத்தின் வாகனத்திலிருந்து மூதாட்டி ஒருவரின் அலறல் கேட்டு வீதியில் சென்றோர் அதனை மறித்தபோது, சடலமொன்றுடன் அவர் ஏற்றிச் செல்லப்படுவது தெரியவந்தது. அதன் பின்னரே வருவாய்த் துறையும் சமூகநலத் துறையும் சுகாதாரத் துறையும் உள்ளே சென்றன. இறந்தோரின் உடல்கள் கொங்கிரீட் சுவரின் அறைகளில் வைக்கப்பட்டிருந்தமை அப்போதுதான் வெளியுலகின் கவனத்துக்கு வந்தது. இல்லத்தின் உரிமக் காலம் கடந்திருந்ததாக அதிகாரிகள் தெரிவித்ததும் அப்போதுதான். முந்நூறு பேரளவில் அங்கிருந்தவர்கள் சில நாட்களுக்குள் வெவ்வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டனர். எலும்பு வியாபாரம் என்றெல்லாம் அக்காலத்தில் பரவிய கதைகளை நிருவாகம் மறுத்தது. எமக்கும் அக்கதைகளில் அக்கறை இல்லை. எம்மை உறுத்துவது வேறொன்று. முந்நூறு பேர் வாழ்ந்து, தொடர்ந்து மரணங்களும் நிகழ்ந்துவந்த ஓரிடத்தை அரசு இயந்திரம் கூர்ந்து நோக்குவதற்கு, ஒரு மூதாட்டி வீதியில் அலற வேண்டியிருந்தது. இல்லம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய பதிவுகள் வெளியார் கையில் இருந்திருப்பின், குற்றஞ்சாட்டியோருக்கும் மறுத்தோருக்கும் அவை அன்றே விடையளித்திருக்கும்.

ஏழை நாடுகளின் குறைபாடு இது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், கோவிட் தொற்றின் முதல் அலையின்போது நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் நிலைகுலைந்தமையால் இராணுவத்தினர் உதவிக்கு அனுப்பப்பட்டனர். ஐந்து இல்லங்களில் தாம் கண்டவற்றை அவர்கள் எழுதி வைக்க, 2020 மே மாதம் அந்த அறிக்கை பகிரங்கப்படுத்தப்பட்டது. அவற்றில் ஒன்று ஸ்காபரோவில் உள்ளது. வாரக்கணக்கில் படுக்கையிலிருந்து எழுப்பப்படாதோர், அதனால் உண்டான புண்கள், நேரத்துக்குக் கிடைக்காத உணவு, குரல் கொடுத்தும் எவரும் வராத நிலை ஆகியன அதில் பதிவாகியிருந்தன. அதற்கு முன்னர் மாகாண அரசு என்ன செய்துகொண்டிருந்தது? 2019 ஆம் ஆண்டில் 626 இல்லங்களுள் ஒன்பதில் மாத்திரமே முழுமையான தராதரப் பரிசோதனை நடைபெற்றதாக சிபிசி செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. ஏனையவற்றுக்கு முறைப்பாடோ பாரதூரமான சம்பவம் பற்றிய அறிக்கையோ கிடைத்த பின்னரே பெரும்பாலும் பரிசோதகர் சென்றார். பேச்சிழந்தவரும் நினைவிழந்தவரும் முறைப்பாடு எழுதுவார்கள் என்று நம்பிய நிருவாகம் அது. 2021 இல் கொண்டுவரப்பட்ட புதிய சட்டம், ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணித்தியால நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை 2025 மார்ச்சுக்குள் எட்டவேண்டும் என விதித்தது. அமெரிக்காவில் 2008 முதல் ஒவ்வோர் இல்லத்துக்கும் நட்சத்திரத் தரப்படுத்தல் உண்டு. அதிலும் இல்லங்கள் தாமே சமர்ப்பித்த தகவல்கள் நட்சத்திரங்களை உயர்த்திக் காட்டின என்ற குற்றச்சாட்டு எழுந்து, ஊழியர் எண்ணிக்கையைச் சம்பளப் பதிவேட்டிலிருந்தே எடுக்கும் முறைக்கு மாறவேண்டியதாயிற்று.

இந்த அனுபவங்களிலிருந்து நாம் பெறக்கூடியது, தராதரம் என்பது முதலில் மனிதக் கைகளின் கணக்கு என்பதாகும். அசையமுடியாத ஒருவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டவேண்டும். முப்பது படுக்கைகள் கொண்ட இல்லத்தில் இரவில் ஒரே ஒரு பணிப்பெண் இருப்பாராயின், அவர் எவ்வளவு அன்புள்ளவராக இருந்தாலும் அது நடவாது. அத்தகைய இடத்தில்தான் அமைதிப்படுத்தும் மாத்திரை தாதியின் வேலையைச் செய்யத் தொடங்குகின்றது. எனவே இல்லமொன்றைப் பார்வையிடச் செல்லும் பிள்ளைகளும் நன்கொடையாளர்களும் முகப்பிலுள்ள பூந்தோட்டத்தை விட்டுவிட்டு, இரவுக் கடமைப் பட்டியலைக் கேட்கவேண்டும். முன்னறிவித்தலின்றி, உணவு வேளையில் அல்லது மாலை மங்கியபின் செல்லவேண்டும். தண்ணீர்க் குவளை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா, நகங்கள் வெட்டப்பட்டுள்ளனவா, கழிப்பறையில் பிடிமானம் உண்டா, தீப்பற்றினால் சக்கர நாற்காலி வெளியேற வழி உண்டா என்று பார்க்கவேண்டும். மாதாந்தம் எடை நிறுத்துக் குறிக்கப்பட்டுள்ளதா என்பது மிக முக்கியம். எடை தொடர்ந்து குறைவதாயின், ஊட்டுவதற்கு ஆளில்லை அல்லது எவரும் கவனிக்காத நோயொன்று உள்ளது என்று சந்தேகிக்க இடமுண்டு.

எமது சமூகங்களில் நன்கொடை வழங்கும் முறையையும் இவ்விடத்தில் குறிப்பிடத்தான் வேண்டும். பிறந்தநாள், திருமண நாள், நினைவு நாள் என்று முதியோர் இல்லங்களில் விசேட உணவு வழங்குவது வழமையாகிவிட்டது. நல்ல எண்ணத்துடன் செய்யப்படுவதே. ஆயினும் நீரிழிவு நோயாளர் நிறைந்த மண்டபத்தில் ஒரே கிழமையில் மூன்று நாள் பாயசம் பரிமாறப்படுவதும், இரவுத் தாதியின் சம்பளத்துக்கு ஒருவரும் பொறுப்பேற்காமையும் ஒருங்கே நிகழ்கின்றன. சம்பளத்தைப் புகைப்படம் எடுக்க முடியாது அல்லவா? இந்நாட்டில் முறையாகப் பயிற்றப்படும் பராமரிப்பாளர்களில் கணிசமானோர் யப்பானுக்கும் இஸ்ரேலுக்கும் சென்றுவிடுகின்றனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அங்கு கிடைக்கும் ஊதியத்துக்கு ஈடாக இங்கு கொடுக்க இயலாது. ஆனால் நிரந்தரமான, நேரத்துக்குக் கிடைக்கும் சம்பளமாவது உறுதிசெய்யப்படாவிடின் எவரும் இப்பணிக்கு நிலைக்கமாட்டார்கள்.

குறைபாடுள்ள இல்லங்களுக்குக் கவசமாக அமைவது எமது கூச்சமே என்று நாம் கருதுகின்றோம். தாயை இல்லத்தில் விட்டவன் என்ற பெயருக்கு அஞ்சி, பிள்ளைகள் இருட்டிய பின் வந்து அவசரமாகத் திரும்புகின்றனர். தாயின் முதுகில் புண்ணைக் கண்டாலும் வாய் திறப்பதில்லை. திறந்தால் 'நீ ஏன் வீட்டில் வைத்துப் பார்க்கவில்லை' என்ற கேள்விதான் முதலில் வரும். இஸ்லாமும் கிறிஸ்தவமும் சைவமும் பெற்றோரைப் பேணுவதைக் கடமையாக்கியுள்ளன. வீட்டில் வைத்துப் பார்க்க இயலாத நிலையில், பார்க்கும் இடத்தைக் கண்காணிப்பதும் அக்கடமைக்குள் அடங்கும் என மதத் தலைவர்கள் பிரசங்கங்களிலும் ஜும்ஆ உரைகளிலும் எடுத்துக்கூறினால் இந்த வாய்ப்பூட்டு ஓரளவு தளரும்.

பாதுகாப்பு என்பது உடலோடு முடிவதுமன்று. முசலி போன்ற கலப்புப் பிரதேசத்தில் இல்லமொன்று அமையுமாயின், ஹலால் உணவும் வுழூச் செய்வதற்கு வசதியும் பெண்களுக்குப் பெண் பராமரிப்பாளரும் முஸ்லிம் முதியோருக்கு உறுதிப்படுத்தப்படல் வேண்டும். கத்தோலிக்கருக்கு நோயிற்பூசுதலுக்குக் குருவானவர் வந்துசெல்ல வழி இருத்தல் வேண்டும். இறுதிக் கிரியை எவ்வாறு நடைபெறவேண்டும் என்பது சேரும்போதே எழுதப்படல் அவசியம். 2020 இலும் 2021 இன் தொடக்கத்திலும் கோவிட்டால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டதன் வேதனை இன்னும் ஆறவில்லை. பின்னர் அடக்கம் செய்வதற்கு இரணைதீவைத் தெரிவுசெய்து, மீளக் குடியேறியிருந்த தமிழ்க் கத்தோலிக்க மக்களின் எதிர்ப்பைச் சம்பாதித்ததும் அதே அரசாங்கமே. இறந்தோரின் விருப்பத்தை அதிகாரிகள் தீர்மானித்தால் நேர்வது என்ன என்பதை இரு சமூகங்களும் ஒரே வருடத்தில் கண்டுகொண்டன.

புதிய சட்டமொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் பதவி உள்ளது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை உள்ளது. கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் உள்ளன. இம்மூன்று தரப்பும் சேர்ந்து ஆண்டுக்கு இரு முறை, அவற்றில் ஒரு முறை இரவில், முன்னறிவித்தலின்றி ஒவ்வோர் இல்லத்தையும் பார்வையிடுவதற்கு வட மாகாண சமூக சேவைகள் திணைக்களமும் சுகாதாரத் திணைக்களமும் கூட்டாக ஒரு சுற்றறிக்கை வெளியிட்டாலே போதும். கண்டவை எளிய தமிழில் எழுதப்பட்டு இல்லத்தின் வாயிலிலும் பிரதேச செயலகத்திலும் ஒட்டப்படல் வேண்டும். மரணங்களும் விழுந்து எலும்பு முறிந்த சம்பவங்களும் அதில் இடம்பெறவேண்டும். தனியார் இல்லங்களுக்கு மாத்திரமன்றி, மாகாண நிருவாகத்தின் கீழுள்ள கைதடி அரச முதியோர் இல்லத்துக்கும் இது பொருந்தவேண்டும். உண்மையில் கைதடியிலிருந்தே இதனைத் தொடங்கலாம். அரசு தனது இல்லத்தின் வாயிலில் முதலாவது அறிக்கையை ஒட்டிவிட்டால், ஏனையோர் மறுப்பதற்குக் காரணம் தேடுவது கடினமாகிவிடும்.