ஒன்றுக்குப் பத்து

ரோட்டை அகலப்படுத்த நூறு வருஷத்து மரம் ஒன்றை வெட்டுகிறார்கள். நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். உடனே ஒரு அதிகாரி சொல்கிறார்: ‘‘கவலைப்படாதீங்க, ஒண்ணுக்குப் பத்தா நட்டுடுவோம்!’’ உங்களுக்கும் மனசு ஆறிவிடுகிறது. பத்து மடங்கு லாபமாச்சே! எந்த பேங்க் தரும் இந்த வட்டியை?

இது கள்ளக்கணக்கு. அதை நிரூபிக்க ஒரு பறவையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். பெயர்: இருவாச்சி.

ஆனைமலைப் பக்கம் இதற்கு ‘மலை மொங்கான்’ என்று பெயர். மலையாளத்தில் ‘மலமுழக்கி வேழாம்பல்’. மலையையே முழங்கவைக்கிறது என்று அர்த்தம். மிகையே இல்லை. கரி எஞ்சின் ரயில் மேட்டில் ஏறுவது மாதிரி ‘புஸ்... புஸ்...’ என்று காட்டுக்கு மேலே சத்தம் வரும். ரயில் அல்ல, இறக்கைச் சத்தம். அண்ணாந்து பார்த்தால், விரித்த இறக்கை ஐந்தடி அகலம். கறுப்பு வெள்ளை உடம்பு, மஞ்சள் கழுத்து. பெரிய மஞ்சள் அலகுக்கு மேலே இன்னொரு அலகைக் கவிழ்த்துவைத்த மாதிரி ஒரு கொண்டை. அது பார்க்கத்தான் கனம், உள்ளே பெரும்பாலும் காலி. ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் வெள்ளை. அந்த மஞ்சளில் ஒரு பங்கு மேக்கப் என்பது கூடுதல் தகவல்! வாலடியில் உள்ள சுரப்பியில் ஊறும் எண்ணெயை அலகாலும் தலையாலும் தேய்த்துத் தேய்த்து தானே பூசிக்கொள்கிறது.

கேரளத்துக்கும் அருணாசலப் பிரதேசத்துக்கும் இதுதான் மாநிலப் பறவை. மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சின்னமும் இதுதான். அந்தக் கழகத்தின் அலுவலகத்தில் ‘வில்லியம்’ என்று பெயர் வைத்து ஒரு இருவாச்சியை வருஷக்கணக்கில் வளர்த்திருக்கிறார்கள்.

இத்தனை பெருமை உள்ள பறவைக்குச் சொந்தமாக ஒரு வீடு கட்டத் தெரியாது.

மரங்கொத்திக்கு உளி மாதிரி அலகு, அது துளைக்கும். இருவாச்சியின் அலகு பழம் பறிக்கத்தான் லாயக்கு. ஆகவே ரெடிமேட் பொந்து வேண்டும். அதுவும் சின்னப் பொந்து போதாது. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள தாயும், அதன் குஞ்சும் மாதக்கணக்கில் குடியிருக்க வேண்டுமே!

மேற்குத்தொடர்ச்சி மலையில் வருஷ ஆரம்பத்தில் பெண் இருவாச்சி அந்தப் பொந்துக்குள் போகும். தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். ஆணின் அலகு நுனி நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். பிறகு முட்டை, அடைகாப்பு, குஞ்சு என்று ஏறக்குறைய நாலு மாதம். உள்ளே இருக்கும்போதே பழைய சிறகுகளை உதிர்த்துப் புதுசு வளர்த்துக்கொள்ளும். வெளியே ஆணுக்கு ஓயாத டியூட்டி. அத்திப்பழங்களை டஜன் கணக்கில் தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி, கீறல் வழியாக ஊட்டும். நடுநடுவே பல்லி, எலி என்று அசைவமும் உண்டு.

இந்த இடத்தில் நம்ம ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ‘ஆஹா, என்ன ஒரு பதிவிரதை! என்ன ஒரு ஏகபத்தினி விரதன்!’ பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கு அல்வா. சிலர், ‘பெண்ணைச் சிறைவைக்கும் ஆணாதிக்கம்’ என்பார்கள். ஐயா, சுவரைப் பூசுவதே பிரதானமாகப் பெண்தான், அதுவும் உள்ளே இருந்து. வேண்டுமென்றால் அதுவே உடைத்துக்கொண்டு வரும். பறவையின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நாம், அது குடியிருக்கும் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அந்தப் பொந்து எப்படி உண்டாகிறது? ஒரு புயலில் கிளை முறியும். முறிந்த இடத்தில் தண்ணீர் தங்கும், பூஞ்சை பிடிக்கும், வண்டு குடையும். நடுமரம் மெள்ள மெள்ள உளுத்து உதிரும். ஆளே உட்காரலாம் போல ஒரு அறை உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். அப்படி ஓர் அறையைத் தாங்க அந்த மரம் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும்? ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. அவ்வளவு பருக்க எத்தனை வருஷம்? உங்கள் ‘பத்து’ கன்றுகளையும் கூட்டி, அடுக்கி, கட்டிவைத்தாலும் ஒரு பொந்து வருமா?

கிடைத்த பொந்துக்கும் உத்தரவாதம் இல்லை. தரை உளுத்துக் கீழே இறங்கிவிடும், அல்லது பட்டை வளர்ந்து வாசல் சுருங்கிவிடும். தாய்லாந்தில் 1978 முதல் இருவாச்சிகளை ஆராய்ந்துவரும் பிலாய் பூன்ஸ்வாட் என்ற அம்மையாரின் குழு, மரம் ஏறி இந்தப் பொந்துகளை ரிப்பேர் செய்துகொடுக்கிறது. வீட்டு புரோக்கர் மாதிரி!

நம்மிடம், ‘உளுத்த மரம், எதுக்கும் பிரயோஜனமில்லை’ என்று முதலில் வெட்டப்படுவதே இந்தப் பொந்து மரம்தான்.

வால்பாறைக்குப் போயிருப்பீர்கள். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே மேலே ஏறி, ‘எவ்வளவு பச்சை!’ என்று செல்ஃபி எடுத்திருப்பீர்கள். அந்தப் பச்சையில் பெரும்பகுதி தேயிலை. 1890-களில் தொடங்கி மழைக்காட்டை அழித்துப் போட்டது. தேயிலைக்கு நடுவே வரிசையாக நிற்கிறதே சில்வர் ஓக், அது ஆஸ்திரேலியாக்காரன். சீக்கிரம் வளரும், நல்ல விலைக்குப் போகும். ‘மரம்’ என்று கணக்கெடுத்தால் அதுவும் மரம்தான். ஆனால் அதில் இருவாச்சிக்குத் தின்னப் பழமும் இல்லை, தங்கப் பொந்தும் இல்லை. அங்கே மிச்சமிருக்கும் காட்டுத் துண்டுகளையும், நாட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த சில காபித் தோட்டங்களையும் நம்பித்தான் அது காலம் தள்ளுகிறது.

அதே வால்பாறையில் இருபது வருஷங்களுக்கு மேலாக, அழிந்த காட்டுத் துண்டுகளை மீட்க நாட்டு மரங்களை நட்டுவருகிறார்கள் சில விஞ்ஞானிகள். ஒருவகை மரம் அல்ல, பலவகை. களை எடுத்து, வருஷக்கணக்கில் கண்காணித்துச் செய்கிற வேலை. பக்கத்தில் அசல் காடு மிச்சம் இருப்பதால்தான் விதைக்கே வழி. ‘அதை வெட்டிக்கொள்ளுங்கள், நாங்கள் இங்கே நட்டுத் தருகிறோம்’ என்று அவர்கள் சொல்லவில்லை.

‘இதெல்லாம் காட்டு விவகாரம், எனக்கென்ன?’ என்கிறீர்களா? டெல்லிக்கு வாருங்கள். அங்கே இருவாச்சியின் தம்பியான சாம்பல் இருவாச்சி, நகரத்துச் சாலையோர மரங்களின் பொந்துகளில் கூடுவைக்கிறது. 2018-ல் தெற்கு டெல்லியில் அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துக் கட்ட ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டக் கிளம்பினார்கள். ஜனங்கள் மரங்களைக் கட்டிப்பிடித்துப் போராடினார்கள். அப்போது வந்த சமாதானம் என்ன தெரியுமா? அதேதான், ஒன்றுக்குப் பத்து! நல்லவேளை, ஹைகோர்ட் தடை போட்டது.

கிரேட் நிக்கோபார் தீவில் இருவாச்சி கிடையாது. ஆனால் கணக்கு அதே கணக்கு. அங்கே 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுத்துக்கொள்ள 2022-ல் முதற்கட்ட அனுமதி தந்தார்கள். ஈடாகக் காடு வளர்க்கக் குறித்த இடம், ஹரியானா! கடலுக்கு நடுவே உள்ள காட்டுக்கு வறண்ட சமவெளியில் நஷ்டஈடு. சென்னையில் உங்கள் வீட்டை இடித்துவிட்டு, சம்பலில் பத்து கூடாரம் அடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?

2016 ஜூலையில் உத்தரப்பிரதேசத்தில் ஒரே நாளில் சுமார் ஐந்து கோடி கன்றுகள் நட்டுச் சாதனை படைத்தார்கள். நட்ட நாளில் ஃபோட்டோ எடுத்தவர்களில், அஞ்சு வருஷம் கழித்து அதே குழியை ஃபோட்டோ எடுக்கப் போனவர்கள் எத்தனை பேர்?

‘அப்படின்னா மரமே நடக் கூடாதா?’ என்று மடக்குவீர்கள். நடுங்கள், தாராளமாக நடுங்கள். தெருவில், பள்ளியில், குளத்தங்கரையில். வெட்டியதற்கு ரசீதாக நடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். பழத்தை முழுசாக விழுங்கி, விதையை நெடுந்தூரம் சுமந்துபோய்க் கக்கும் இருவாச்சி காலகாலமாகச் சம்பளம் இல்லாமல் நடவு வேலை பார்க்கிறது. அது ஒருநாளும் பழைய மரத்துக்குப் பதிலாக என்று நடவில்லை.

வேட்டையாடியவர்களே மாறிவிட்டார்கள். அருணாசலப் பிரதேசத்தின் நிஷி இன மக்கள் தங்கள் தொப்பியில் இருவாச்சி அலகைச் செருகுவது வழக்கம். இப்போது பலர் செயற்கை அலகுக்கு மாறியிருக்கிறார்கள். பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய கிராமங்களில், பத்து வருஷத்துக்கும் மேலாக அவர்களே கூட்டு மரங்களைக் காவல் காக்கிறார்கள். கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் பழங்குடியினர் அதே வேலையைச் செய்கிறார்கள். எந்த மரம், எந்தப் பொந்து, இந்த வருஷம் அடைத்ததா, குஞ்சு வெளியே வந்ததா... எல்லாம் அவர்களுக்கு அத்துபடி.

நம் ஊரில் வெட்டப்போகும் மரத்துக்கு ஒரு நம்பர் பெயின்ட் அடிக்கிறோம். அதில் கிளி இருக்கிறதா, மைனா இருக்கிறதா, பகலில் தூங்கும் ஆந்தை இருக்கிறதா என்று எந்தக் காகிதத்தில் எழுதுகிறோம்? அடுத்த முறை உங்கள் தெருவில் யாராவது ‘ஒண்ணுக்குப் பத்து’ என்று ஆரம்பித்தால், எங்கே நடப்போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். வெட்டப்போகிற மரத்தின் சுற்றளவு என்ன, பொந்து எத்தனை, ஏறிப் பார்த்தது யார் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.