கொடிமலையில் அம்மா

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பலமுறை போனவர் அம்மா. பக்கத்திலிருக்கும் பினாங்குக் கொடிமலையை மட்டும் அண்ணாந்து பார்த்ததோடு சரி. மறுநாள் தோட்டத்தில் வேலை இருக்குமே!

சென்ற மாதம் அழைத்துப் போனேன். ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயில், பட்டர்வொர்த்தில் பெர்ரி, ஜெட்டியில் 204ஆம் எண் பஸ். காரே வேண்டாமென்றார், பெர்ரியில் போக ஆசை.

1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயில். முன்பு பாதி வழியில் வேறு பெட்டிக்கு மாறி, அரை மணி நேரம் ஏற வேண்டும். 2011இல் வந்த புது ரயிலில் சில நிமிடங்கள்தான். (கீழே வரிசையில் நின்றது தனிக்கதை. வயதானவர்களோடு போகிறவர்கள் வார நாளில் போங்கள். மைகார்டு மறக்காதீர்கள், கட்டணம் குறையும்.)

மேலே முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கம்பியோரம் வந்தோம். எல்லாரும் ஜார்ஜ்டவுனைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அம்மா பாலத்துக்கு அப்பால் அக்கரையையே பார்த்தார்.

"நம்ம தோட்டம் எந்தப் பக்கம்யா?"

சுங்கை சிப்புட் அங்கிருந்து தெரியாது. அவர் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய இடம் இப்போது செம்பனை, லயங்களும் இல்லை. தென்கிழக்கே கை காட்டினேன்.

"விடியக்காலையில பெரட்டுக்கு நிக்கிறப்ப இப்படித்தான் குளிரும்," என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.