மதிப்பெண்ணோடு சராசரியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வின் (சிஇடி) தரவரிசை பற்றிய தங்கள் கட்டுரை காலத்துக்கேற்றது. 'மதிப்பெண் குறைந்தவர் எப்படி முந்தினார்?' என்று கேட்கும் பெற்றோருக்கு அதன் கணக்கையும் விளக்கியிருக்கலாம்.

ஒரு தேர்வின் சராசரி 60, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) 10 என்றால், 80 வாங்கியவர் சராசரிக்கு 2 திட்டவிலக்கம் மேலே நிற்கிறார். சராசரி 85, திட்டவிலக்கம் 5 உள்ள இன்னொரு தேர்வில் 90 வாங்கியவர் 1 மட்டுமே மேலே. மதிப்பெண்கள் மணி வடிவில் பரவியிருந்தால் முன்னவர் நூற்றில் ஏறக்குறைய 98 பேரை முந்தியவர். பின்னவர் 84 பேரை.

ஆனால் எல்லா ஆண்டும் மணி வடிவம் அமையாது. கொரோனாவால் தேர்வு ரத்தான 2021இல் கர்நாடக இரண்டாம் பியுசியில் (பன்னிரண்டாம் வகுப்பு) 2,239 பேருக்கு 600க்கு 600! சிஇடி தரவரிசையில் அவர்களை மற்ற ஆண்டினரோடு எப்படி ஒப்பிடுவது என்ற வழக்கு 2022இல் உயர் நீதிமன்றம் வரை போனது.

சிஇடி நடத்தும் கர்நாடகத் தேர்வு ஆணையம் இருப்பது எங்கள் மல்லேஸ்வரம் சம்பிகே சாலையில்தான். 2021இல் தேறி மறுபடி சிஇடி எழுதிய பக்கத்து வீட்டுப் பெண் வழக்கு நடந்த மாதங்களில் பட்ட தவிப்பு கொஞ்சமல்ல. தரவரிசைக் கணக்கில் தன் மதிப்பெண் ஏன் குறைக்கப்படுகிறது என்று அவளுக்கு எளிய மொழியில் சொல்ல ஆளில்லை.

மதிப்பெண் பட்டியலிலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் அந்த ஆண்டின் சராசரி, திட்டவிலக்கம், மாணவரின் சதமானம் (நூற்றில் எத்தனை பேரை முந்தினார் என்பது) மூன்றையும் தேர்வு வாரியங்கள் அச்சிட வேண்டும்.

ஒரு வாசகர்,
மல்லேஸ்வரம், பெங்களூரு