தட்டச்சுக்குப் பதிலாகக் குரல்: எழுதுவது இயந்திரம், சரிபார்ப்பது யார்?

பெங்களூரு: மின்னஞ்சல், கூட்டக் குறிப்பு, வாடிக்கையாளருக்கான பதில் என அன்றாட அலுவலகப் பணிகளை விசைப்பலகையைத் தொடாமல், பேசியே முடிக்கும் வழக்கம் பரவி வருகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பேச்சிலுள்ள இழுவைகளை நீக்கி, நிறுத்தக்குறிகளையும் இட்டு, செம்மையான வாக்கியமாகத் தருகின்றன. வேகத்தில் ஐயமில்லை. கைப்பேசியில் தட்டச்சு செய்வதைவிடப் பேசி எழுதுவது ஆங்கிலத்தில் 3 மடங்கு விரைவானது என ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு 2016-ம் ஆண்டிலேயே கண்டறிந்தது.

ஆனால், இவ்வாறு உருவாகும் எழுத்துக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை நம் நாட்டில் கவனமாக எதிர்கொண்ட இடங்களுள் நீதிமன்றம் முக்கியமானது. உச்ச நீதிமன்றத்தில் 2023 பிப்ரவரி 21-ம் தேதி, சிவசேனா பிளவு தொடர்பான வழக்கை அரசியல் சாசன அமர்வு விசாரித்தபோது, வாதங்கள் முதன்முறையாகச் செயற்கை நுண்ணறிவால் உடனுக்குடன் எழுத்தாக்கப்பட்டன. 'டெரஸ்' என்ற அந்தத் தொழில்நுட்பத்தை வழங்கியது பெங்களூருவைச் சேர்ந்த நோமாலஜி நிறுவனம். பலர் ஒரே நேரத்தில் பேசினால் இயந்திரம் தடுமாறும் என்பதை அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் அன்றே சுட்டிக்காட்டினார். பிழை திருத்த ஆட்கள் அமர்த்தப்பட்டனர். எழுத்துப்படியை வழக்கறிஞர்கள் சரிபார்க்கவும் வழி செய்யப்பட்டது.

கேரள உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சியங்களைப் பதிவு செய்ய 'அதாலத் ஏஐ' என்ற குரல்வழி எழுத்துக் கருவியை 2025 நவம்பர் 1 முதல் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, ஜூலையில், தீர்ப்பு எழுதவோ முடிவெடுக்கவோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்ற கொள்கையையும் வெளியிட்டிருந்தது.

சொல்லச் சொல்ல எழுதுவது புதிதன்று. நீதிபதியோ அதிகாரியோ சொல்ல, சுருக்கெழுத்தர் குறித்துக்கொண்டு தட்டச்சு செய்வது பல தலைமுறை வழக்கம். அவர் காதில் விழாததை மறுபடி கேட்பார்; பெயரில் ஐயம் வந்தால் கோப்பைப் புரட்டுவார். இயந்திரம் பெரும்பாலும் கேட்பதில்லை, யூகித்து நிரப்பிவிடுகிறது. ஓபன்ஏஐ நிறுவனத்தின் 'விஸ்பர்' மென்பொருளை ஆராய்ந்து கார்னெல் உள்ளிட்ட பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட முடிவு இதை உறுதிப்படுத்துகிறது. சுமார் 1 சதவீத ஒலித்துண்டுகளில், யாரும் பேசாத முழுச் சொற்றொடர்களே எழுத்தில் தோன்றின. பேச்சுக் குறைபாடு காரணமாக நீண்ட இடைவெளி விட்டுப் பேசுவோரிடம் இது கூடுதலாக இருந்தது. தயங்கித் தயங்கிப் பேசும் சாட்சியின் மௌனத்திலும் இயந்திரம் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டால் என்னவாகும்?

தமிழருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது வேறு தமிழ். 'முடியல' என்று சொன்னதை 'முடியவில்லை' என்று மாற்றினால்தான் அலுவலகக் கடிதமாகும். ஆகவே, இயந்திரம் காதில் விழுந்ததை எழுதினால் மட்டும் போதாது, திருத்தியும் எழுத வேண்டும். அது 'முடியலாம்' என்றாகிவிட்டால் பொருளே தலைகீழ். ஒரே வாக்கியத்தில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலக்கும் பெங்களூரு அலுவலகத்தில் சிக்கல் இன்னும் கூடும். இந்திய அறிவியல் கழகம் கூகுளுடன் இணைந்து 773 மாவட்டங்களின் பேச்சைத் திரட்டும் 'வாணி' திட்டமும், சர்வம் ஏஐ போன்ற நகரத்து நிறுவனங்கள் உருவாக்கும் இந்திய மொழிக் குரல் மாதிரிகளும் இக்குறையைக் குறைக்க முயல்கின்றன.

சாட்சியம் முடிந்ததும் அதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டித் திருத்த வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 313-வது பிரிவு. அலுவலக மின்னஞ்சலுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. பேசி முடித்த கையோடு அனுப்பும் பொத்தானை அழுத்திவிடுகிறோம். வாசித்துப் பார்க்கும் சில நிமிடங்களையும் வேலை நேரமாகக் கணக்கிட நிறுவனங்கள் முன்வராவிட்டால், பிழைக்கான விளக்கத்தை அளிக்க வேண்டியவர் அந்தக் கடிதத்தின் கீழ் பெயர் இருக்கும் ஊழியரே.